பரிசு இருக்கும் இடம்

காலையில் மைக்குக்கு முன்னால் உட்காருகிற ஒருவர் முதல்நாள் பின்னேரம் தயிர் சாப்பிடக் கூடாது, ரீச்சர். தொண்டையில் படிந்துவிடும். மறுநாள் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். எருமைத் தயிருக்குப் பேர்போன மண்ணில் பிறந்து, பதினொரு வருடமாகப் பின்னேரத்தில் தயிரைத் தொடாதவன் நான். நான் செய்த மற்றக் காரியங்களை நிறுத்துப் பார்க்கிறபோது இதையும் தராசில் போடுங்கள்.

வானொலி மன்றத் தலைவர் என்ற முறையில் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிறந்தநாள் வாழ்த்துத் துண்டில் எழுதியிருந்த இடம் ஒன்று, வானொலியில் வாசித்த இடம் இன்னொன்று, இது ஏன் என்று அறிவிப்பாளர் உதயரூபன் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்குள் என்றும் போட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்திய பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. ஒரு பக்கம் போதாது, மன்னிக்க வேண்டும்.

நாளைக்கு இது வேறு யாருடைய கைக்காவது போகலாம் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நம்முடைய ‘வாவியோசை’ விளம்பரம் இல்லாமல் நடக்கிற வானொலி. நேயர்கள்தான் அதற்குச் சோறு போடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல், ஒரு பாட்டு. நெல் அறுவடை முடிந்ததும் வரும். பாட்டை அந்த வீட்டில் யாராவது ஒருவர் நிலையத்துக்கு வந்து தம் சொந்தக் குரலில் பாடிப் பதிந்து கொடுக்க வேண்டும். வாவிக்கரையில் வலை வீசுகிறவர்கள் நெல்லுக்குப் பதிலாகக் கருவாடு தருவார்கள், பாட்டுக்கு மட்டும் பதில் கிடையாது. அப்படிச் சேர்ந்த வீட்டுப் பாட்டுகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. பாடியவர்களில் நாற்பது பேர் வரை இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பாட்டு ஒலிக்கிற நாளில் அந்த வீட்டில் அடுப்பைத் தணித்துவிட்டு எல்லோரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

பாட்டெல்லாம் ஒரு ஹாட் டிஸ்க்கில் இருந்தன. நாங்கள் அதைப் பாட்டுப்பெட்டி என்போம். ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு சுண்டு அரிசி போட்டு, அதற்குள் புதைத்து வைத்திருந்தோம். டின் மூடியில் நிலையத்தின் ஸ்ரிக்கர். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று ஐந்து வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் நிறைவேற்றினோம்.

பிறகு, காலை ஆறரை மணி வாழ்த்து. யாருக்குப் பிறந்தநாளோ அவருடைய பேர், ஊர், வாழ்த்துகிறவர்கள், கடைசியாகப் பரிசு ஒளித்து வைத்திருக்கிற இடம். இடத்தைச் சொன்னதும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அந்த வீட்டில் ஓட்டமும் தேட்டமும் நடக்கும். எடுத்தவர் தொலைபேசியில் வந்து என்ன கிடைத்தது என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். வவுணதீவில் இருந்து ஏறாவூர் வரைக்கும் பல் விளக்குகிறவன் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். பிறந்தநாள் கொண்டாடாத வீட்டார் பிள்ளை பரீட்சையில் பாஸானதற்குத் துண்டு எழுதிப் போடுவார்கள். யாருடைய வீட்டில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை. கிராம சேவகருக்குக்கூட முன்விறாந்தை மட்டும்தான் தெரியும்.

முதல் பிழை உண்மையிலேயே பிழை. ஏறாவூர் இப்றாஹிமின் மகள் ஸுஹைனா ஓ.எல். பரீட்சையில் பாஸ். வாப்பா கைக்கடிகாரம் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். என்னுடைய தேத்தண்ணி சிந்தி இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டன. அடுத்த வீட்டுக்குரிய ‘குசினி அலுமாரிக்கு மேலே’ என்பதை இந்த வீட்டுக்கு வாசித்துவிட்டேன். பிழை தெரிந்து திருத்துவதற்குள், அண்ணனை நானா என்கிற அந்தப் பிள்ளை தொலைபேசியில் வந்துவிட்டது.

“நானா, அலுமாரிக்கு மேல ஒரு பொட்டி இரிக்கி. உள்ளுக்குத் தொதல். பாதிதான் இரிக்கி.”

பின்னால் அதன் உம்மா: “யா அல்லாஹ், சீனி வருத்தத்தோட இந்த மனிசன் ஒளிச்சி வெச்சித் திண்டிரிக்காரே!”

“அது போன பெருநாள்ற மிச்சம் புள்ள,” என்று இப்றாஹிம் சொன்னதும் வானொலியில் போய்விட்டது. ஒரு கிழமைக்கு ஏறாவூரில் அவரைக் கண்டவரெல்லாம் தொதல் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இனிப்பு நின்றதால் அவருடைய இரத்தத்தில் சீனியும் குறைந்தது. பிழையால் ஒருவருடைய உடம்பு தேறியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு அன்றைக்கு ஒரு உண்மை பிடிபட்டுவிட்டது, ரீச்சர். எந்த வீடாக இருந்தாலும் சரி, வாயில் வந்த ஒரு இடத்தைச் சொல்லித் தேடச் சொன்னால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. வைத்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. நான் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பாருங்கள் என்றால் போதும்.

இரண்டாவது கந்தப்போடியார். உங்கள் மன்றத்திலும் இருந்தவர், கோயில் வண்ணக்கராகவும் இருந்து நிருவாகத்தைக் கையில் வைத்திருந்தவர். என்னுடைய காலை நிகழ்ச்சி இழுக்கிறது என்று இரண்டு கூட்டத்தில் சொன்னவரும் அவர்தான், ஆனால் நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மனைவிக்கு அறுபதாவது பிறந்தநாள், அலுமாரிக்குள் சேலை என்று துண்டு எழுதியிருந்தார். அலுமாரிக்குள் சேலை இருப்பதில் என்ன அதிசயம். நான் மாட்டுக் கொட்டில் பரண் என்று வாசித்தேன்.

போடியாரின் மனைவி ஏணி வைத்து ஏறினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் வந்தது. “இஞ்ச பாருங்க, வைக்கலுக்க கிடக்கிறது நம்மட கோயில்ட ஒலிபெருக்கிக் குழல்தானே? களவு போயிற்றெண்டு பொலிசில எல்லாம் சொன்னீங்களே?”

“நாலு மணிக்கே தலமாட்டில கத்தினா மனிசன் எப்பிடிகா படுக்கிற? வெய், போன வெய்,” என்று கந்தப்போடியார் சொன்னதை மூன்று பிரதேசச் செயலகப் பிரிவும் கேட்டது. அவர் கோயிலில் இருந்தும் விலகினார், மன்றத்தில் இருந்தும் விலகினார். குழல் திரும்பக் கோயிலுக்குப் போய்விட்டது. இப்போது நாலு மணிக்கு ஊர் முழுக்க எழும்புகிறது. எனக்கு நேயர்கள் கூடினார்கள்.

ஆர்த்திகாவின் வீட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பரிசு சாமியறையில் என்று இருந்தது. நான் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே என்று வாசித்தேன். அங்கே கணவனுடைய இன்னொரு போன் இருந்தது. ஆர்த்திகா இப்போது கரடியனாற்றில் தாய் வீட்டில் இருக்கிறாள். அந்தப் போனை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. இருந்ததை எடுத்தார்கள். இதில் என் பங்கு என்று பார்த்தால் ஒரு இடத்தின் பேர், அவ்வளவுதான்.

இனிக் கஜானியின் விசயம். அவளுடைய கணவன் ரதீஸ் நான்கு தரம் உங்கள் வாசலுக்கு வந்து கேட்டுக் கடைசியில்தான் நீங்கள் எனக்கு எழுதினீர்கள் என்று அறிந்தேன். பொறுமையான பிள்ளை.

கஜானியை நிலையத்துக்குக் கூட்டி வந்தது நான்தான் என்பதை மறக்க வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணி நேர நிகழ்ச்சியை அவளுக்குக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். நல்ல பிள்ளை. குரல் பரவாயில்லை. ஆனால் சிரிக்கிறாள். செய்தி வாசிக்கும்போது சிரிப்பு, பாட்டு மாறி விழுந்தாலும் சிரிப்பு, தன் பிழைக்குத் தானே சிரிப்பு. எனக்குப் பதினொரு வருடத்தில் காற்றில் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அப்படி இருக்க, மார்ச் முதல் கிழமை மருதமரத்தடியில் நடந்த வருடாந்தக் கூட்டத்தில் நீங்கள் கை உயர்த்தச் சொன்னீர்கள். காலை நிகழ்ச்சி யாருக்கு? அவளுக்கு நாற்பத்தொரு கை. எனக்குப் பதினேழு. அந்தப் பதினேழில் ஒன்று அவளுடையது.

சித்திரைப் புத்தாண்டில் இருந்து அவள் ஆறு மணிக் கதிரையில் இருப்பாள், எனக்கு ஆலோசகர் என்று ஒரு பேர். பொன்னாடையும் போர்த்தினீர்கள். ஒருவனுக்கு வயது ஐம்பத்திரண்டில், இன்னும் பல்லெல்லாம் இருக்கும்போது பொன்னாடை போர்த்தினால் அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், ரீச்சர். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வயிற்றெரிச்சல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கதிரை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குக் கவலையாக இருந்தது நேயர்களை நினைத்துத்தான். சிரிக்கிற ஒருத்தியை நம்பி அத்தனை வீட்டின் மூலை முடுக்குகளை எப்படி ஒப்படைப்பது? அவள் இடத்தை மாற்றி வாசித்துவிட்டால்?

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கஜானி குழாயடியில் என்னுடைய கோப்பையையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பாட்டுப்பெட்டியை டின்னோடு எடுத்து என் சைக்கிள் பைக்குள் வைத்தேன். புதன்கிழமை காலை அதைக் காணவில்லை என்று வானொலியில் அறிவித்ததும் நான்தான். அறிவிக்கும்போது என் குரல் உடைந்தது. நடிப்பென்று சொல்லமாட்டேன், உண்மையிலேயே அழுகை வந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் முந்நூறுக்கு மேல் நானே பதிந்த பாட்டுகள்.

அன்று நிலையத்து வாசலில் சனம் கூடியது உங்களுக்குத் தெரியும். இப்றாஹிம் ஏறாவூரில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். மௌத்தாகிப்போன அவருடைய உம்மாவின் பாட்டு அதில் இருந்தது. “அந்த ஒண்டுதான் தம்பி எங்களுக்கிட்ட உம்மாட சத்தம். வேற ஒண்டும் இல்ல,” என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். சீனி போடாமல்.

ஞாயிற்றுக்கிழமை கஜானி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பாட்டுப்பெட்டி போன கவலையில் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தோன்றியதாம். வாவி நண்டுக் கறி, முருங்கையிலைச் சுண்டல், நாட்டரிசிச் சோறு. போதும் என்று கையை மறித்தேன், அதற்கு மேலால் போட்டாள். “உங்களப் பாத்துக்க ஆருமில்லதானே அண்ணன், இன்னும் கொஞ்சம் போடுங்க,” என்றாள். அவள் ரசம் எடுக்கக் குசினிக்குப் போன நேரத்தில், அறை மூலையில் அடுக்கியிருந்த நெல்லுச் சாக்குகளுக்குப் பின்னால், பைக்குள் கொண்டுபோயிருந்த டின்னை வைத்தேன். வைத்துவிட்டு வந்து ரசம் குடித்தேன். நல்ல ரசம். மிளகு கொஞ்சம் கூட.

டின்னுக்குள் அரிசியும் ஒரு வயரும் மட்டும்தான். பெட்டியை நான் வெளியே எடுத்துவிட்டேன். ஒரு பிள்ளை வீட்டில், சாக்குக்குப் பின்னால், எலி திரிகிற இடத்தில் அப்படிப்பட்ட பெறுமதியான பொருளை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை கஜானியின் பிறந்தநாள். ரதீஸ் போட்ட துண்டில் ‘பரிசு தையல் மெசினுக்குப் பின்னால்’ என்று இருந்தது. துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், நான் ஒரு துண்டையும் எறிந்தவன் அல்ல. பேர், ஊர், வாழ்த்துபவர் அன்புக் கணவர் ரதீஸ், எல்லாம் அட்சரம் பிசகாமல் வாசித்தேன். இடம் மட்டும் நெல்லுச் சாக்குக்குப் பின்னால்.

தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். “அண்ணன், ஒரு பிஸ்கட் டின் இரிக்கு. மனிசன் பிஸ்கட்டப் போய்ப் பரிசெண்டு வெச்சிரிக்காரு, பாருங்களன் சங்கதிய.” பிறகு, “அண்ணன், இதில எங்கட ஸ்ரிக்கர் ஒட்டிக் கிடக்கு.” பிறகு, “அண்ணன், இது பாட்டுப்பெட்டிட டின்தானே? எங்கட வீட்ட எப்பிடி வந்த? உள்ளுக்கு அரிசி மட்டுந்தான் கிடக்கு. அண்ணன், கேக்குதா?”

எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. வானொலியில் இரண்டு விநாடிக்கு மேல் மௌனம் விடக்கூடாது என்று அவளுக்குப் படிப்பித்தவன் நான். அன்றைக்கு நாலு விநாடி விட்டேன். பிறகு ஒரு பாட்டைப் போட்டேன். ஒரு குற்றம் என்று என்மேல் சுமத்துவதானால் அந்த நாலு விநாடியைச் சுமத்துங்கள். ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சத்தைச் செய்தது நீங்கள். நான் அவளைக் கள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை நிறுத்தி வைத்ததும் நீங்கள்தான், ‘தற்காலிகமாக’ என்று என்னைக் காலையில் தொடரச் சொன்னதும் நீங்கள்தான். சனம் அவளுடைய வாசல் படலையடியில் போய் நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன். எங்கட பாட்டத் தா என்று கேட்கிறார்களாம். அவள் எதைக் கொடுப்பாள். கடைக்குப் போவதில்லையாம், ரேடியோவும் போடுவதில்லையாம். ரதீஸ் அவளை நம்புகிறான். ஆனால் சனத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வயலிலேயே கிடக்கிறானாம். இவ்வளவு அமளியில் தையல் மெசினுக்குப் பின்னால் பார்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அங்கே ஒரு சோடி செருப்பு இருக்கிறது. ரதீஸ் துண்டைப் போட வந்தபோது பாதத்தின் அளவைக் கையால் காட்டிச் சொன்னான்.

ஆகவே நேராகவே எழுதித் தருகிறேன். கஜானி எடுக்கவில்லை. எடுத்தது நான், கொண்டுபோய் வைத்ததும் நான், இடத்தை மாற்றி வாசித்ததும் நான். இதை மருதமரத்தடியில் எல்லோரையும் கூட்டி உரத்து வாசியுங்கள். அவளைத் திரும்பவும் எடுங்கள். பின்னேர நிகழ்ச்சி அவளுக்கு அளந்து தைத்த சட்டை. காலை ஆறு மணி அவளுக்குச் சரிவராது, வீட்டில் சமையல் வேலை இருக்கும்.

பாட்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்றுக்கும் பழுதில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தரம் கேட்டேன். பிறகு ஊர் ஊராகப் பிரித்து, சின்னச் சின்னப் பென் டிரைவ்களில் ஏற்றி, ஒவ்வொன்றையும் அரிசிக்குள் போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எல்லாமாகப் பன்னிரண்டு. பன்னிரண்டு இடம். பழைய ஹாட் டிஸ்க்கை இனித் தேட வேண்டாம், அதை வாவியில் போட்டுவிட்டேன்.

இடங்களை இதிலேயே எழுதிவிடலாம். ஆனால் நம்முடைய வழக்கம் அப்படியில்லையே, ரீச்சர். பரிசு இருக்கும் இடத்தைக் கடிதத்தில் எழுதுவதில்லை. பேர், ஊர், வாழ்த்துகிறவர்கள் எல்லாம் சொன்ன பிறகு, காலை ஆறரை மணிக்குக் காற்றில்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி என்னுடைய பிறந்தநாள். பதினொரு வருடத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்த்து வாசித்திருக்கிறேன். உதயரூபன் என்று ஒரு துண்டு இதுவரைக்கும் பெட்டியில் விழுந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. இந்த முறை ஒன்றைப் போடுங்கள். வாழ்த்துபவர்கள் என்ற இடத்தில் ‘வாவியோசை நேயர்கள் அனைவரும்’ என்று எழுதினால் போதும். பரிசு இருக்கும் இடத்தை வெறுமனே விடுங்கள், அதை நான் பார்த்து வாசித்துக்கொள்வேன்.

அன்று ஒரு இடம் சொல்வேன். இப்றாஹிமுடைய உம்மாவின் பாட்டு இருக்கிற இடத்தையே முதலில் சொல்கிறேன், அவர் பாவம். மிச்சம் பதினொன்று. வருடத்துக்கு ஒரு பிறந்தநாள்தானே எனக்கு வருகிறது, அவசரப்பட ஒன்றுமில்லை. அந்த இடங்கள் வேறு ஒருவருக்கும் தெரியாதபடியால் அதுவரைக்கும் காலையில் நான்தான் இருக்க வேண்டியிருக்கும். நான் கேட்டு வாங்குவதில்லை என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். கதிரையின் மெத்தை ஒரு பக்கம் அமுங்கிப் போயிருக்கிறது, பதினொரு வருடம் தாங்காது. புதிது ஒன்று போட்டுத் தந்தால் உபகாரமாக இருக்கும்.